பிரேமார் கூடுகை

பிரேமார் கூடுகை என்பது ஸ்காட்லாந்தின் அபர்தீன்ஷயர் மாவட்டத்தில் டீ ஆற்றங்கரையில் உள்ள பிரேமார் என்ற சிற்றூரில் ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் சனிக்கிழமை நடைபெறும் மலைநாட்டு விளையாட்டு விழா. இதை நடத்துவது பிரேமார் ராயல் ஹைலேண்ட் சொசைட்டி. பிரிட்டிஷ் அரச குடும்பத்தினர் வந்து அமரும் விழாவாகவே இது வெளியுலகுக்குத் தெரியும். ஆனால் இதைத் தொடங்கியவர்கள் தச்சர்கள்.

தொன்மம்

11-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தை ஆண்ட மூன்றாம் மால்கம், தனக்கு வேகமான தூதன் ஒருவனைத் தேர்ந்தெடுக்க, பிரேமாரை ஒட்டிய கிரெய்க் கோனிக் குன்றின் மீது ஓட்டப்பந்தயம் வைத்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. விழாவின் தோற்றத்தை இக்கதையுடன் இணைத்துச் சொல்வது மரபு. மால்கம் காலத்துக்கும் இன்றைய விழாவுக்கும் இடையே தொடர்ச்சி இருந்ததற்குச் சான்று இல்லை.

பின்னணி

1715 செப்டம்பர் 6 அன்று மார் பிரபு பிரேமாரில் ஸ்டூவர்ட் வம்சத்தின் கொடியை ஏற்றி, லண்டன் அரசுக்கு எதிரான கிளர்ச்சியைத் தொடங்கினார். அது தோற்றது. 1745-இல் எழுந்த அடுத்த கிளர்ச்சி 1746 ஏப்ரலில் கல்லோடன் போரில் முறியடிக்கப்பட்டது. அதன்பின் மலைநாட்டுக் குலத்தலைவர்களின் நீதி அதிகாரம் பறிக்கப்பட்டது. ஆண்களும் சிறுவர்களும் கில்ட் உள்ளிட்ட மலைநாட்டு உடைகளை அணியத் தடை விதிக்கப்பட்டது. அரசுப் படையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. பைப் இசையும் தடை செய்யப்பட்டது என்று பரவலாகச் சொல்லப்பட்டாலும், சட்டத்தில் அதைப் பற்றிய வாசகம் இல்லை. உடைத்தடை 1782-இல் நீக்கப்பட்டது. பிரேமார் கோட்டையில் 1831 வரை அரசுப் படை தங்கியிருந்தது.

தச்சர் சங்கம்

1815-இல் பிரேமார் தச்சர்கள் ஒரு பரஸ்பர உதவிச் சங்கத்தை அமைத்தனர். உறுப்பினர்கள் சந்தா செலுத்தினர். நோயுற்றவர்களுக்கும் முதியவர்களுக்கும், இறந்த உறுப்பினர்களின் மனைவி மக்களுக்கும் அந்த நிதியிலிருந்து உதவி வழங்கப்பட்டது. அரசின் காப்பீடோ ஓய்வூதியமோ இல்லாத காலத்தில் உழைப்பாளிகளுக்கு இத்தகைய சங்கங்களே பாதுகாப்பாக இருந்தன.

1822-இல் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தபோது, வால்டர் ஸ்காட்டின் ஏற்பாட்டில் மலைநாட்டு உடை அரசவை உடையாகவே ஆயிற்று. முன்பு தண்டனைக்குரியதாக இருந்தது நாகரிகமாக மாறியது. 1826-இல் தச்சர் சங்கம் 'பிரேமார் ஹைலேண்ட் சொசைட்டி' என்று பெயர் மாற்றிக்கொண்டது. மலைநாட்டு உடை, மொழி, பண்பாடு ஆகியவற்றைக் காப்பதும் அதன் நோக்கங்களில் சேர்ந்தது. 1832-இல் விளையாட்டுப் போட்டிகளுக்குப் பரிசுகள் வழங்கப்பட்டன.

அரச ஆதரவு

1848-இல் விக்டோரியா அரசி பால்மோரல் மாளிகையைக் குத்தகைக்கு எடுத்துத் தங்கினார். அவ்வாண்டே விழாவுக்கும் வந்தார். 1850-இல் கிரெய்க் கோனிக் குன்றேறும் பந்தயத்தில் வென்றவரின் உடல்நலம் கெட்டதால் அப்பந்தயம் கைவிடப்பட்டது. 1866-இல் சங்கம் 'ராயல்' என்ற அடைமொழியைப் பெற்றது. சில ஆண்டுகளில் விழா பால்மோரல் வளாகத்திலேயே நடந்தது. 1906-இல் ஃபைஃப் கோமகன் அளித்த 12 ஏக்கர் நிலம் விழாவின் நிலையான திடலாயிற்று.

இதே நூற்றாண்டில்தான் மலைநாட்டின் பள்ளத்தாக்குகளிலிருந்து குடியானவர்கள் ஆட்டுப் பண்ணைகளுக்காகவும் மான் வேட்டைக் காடுகளுக்காகவும் வெளியேற்றப்பட்டனர். பலர் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினர். மலைநாட்டுப் பண்பாட்டைக் கொண்டாட நிலவுடைமையாளர்கள் புரவலர்களாக அமர்ந்தபோது, அப்பண்பாட்டின் மக்கள் குறைந்துகொண்டே இருந்தனர். டீ பள்ளத்தாக்கின் கேலிக் மொழி வழக்கும் 20-ஆம் நூற்றாண்டில் மறைந்தது.

போட்டிகள்

கல் எறிதல், சம்மட்டி எறிதல், கயிறு இழுத்தல், பைப் இசை, மலைநாட்டு நடனம், மோரோன் மலையேறும் ஓட்டம் ஆகியவை முக்கியமானவை. புகழ்பெற்றது கேபர் எறிதல். ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள மரத்தடியை வீரர் அடியில் பிடித்துத் தூக்கி ஓடி எறிவார். தடியின் மேல்முனை தரையில் ஊன்றி, அடிமுனை மேலெழுந்து மறுபுறம் விழவேண்டும். எவ்வளவு தொலைவு சென்றது என்பது கணக்கில்லை. ஓடிவந்த திசைக்கு நேராக, கடிகாரத்தின் 12 மணி முள்போல விழுந்தால் அதுவே முழுமையான எறிதல்.

இன்று

2020-இல் பெருந்தொற்றால் விழா நடைபெறவில்லை. 2022-இல் உடல்நலக் குறைவால் இரண்டாம் எலிசபெத் வரவில்லை. சில நாட்களில், செப்டம்பர் 8 அன்று, அவர் பால்மோரலில் காலமானார். அவ்வாண்டு விழாவுக்கு வந்த சார்ல்ஸ் அடுத்த விழாவுக்கு அரசராக வந்தார்.

சங்கம் இன்றும் அறக்கட்டளையாகச் செயல்படுகிறது. அரசரின் வருகையே ஆண்டுதோறும் செய்தியாகிறது. ஆனால் அரச குடும்பம் பால்மோரலுக்கு வருவதற்கு 33 ஆண்டுகள் முன்பே, நோயுற்ற உறுப்பினருக்கு உதவுவதற்காகத் தச்சர்கள் சேர்த்த சிறுநிதியே இவ்விழாவின் தொடக்கம்.