பஞ்சி, நெய், தேன்: செஞ்சிப் பகுதியை முன்வைத்துத் தமிழகப் புண் மருத்துவ வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவத் தேனும் ஈரங்காக்கும் கட்டுகளும் இன்று புண் மருத்துவத்தில் இடம்பெற்றுள்ளன. இவை தமிழர் போர்க்களங்களில் முன்னரே வழங்கியவை என்னும் கருத்தும் பரவலாக உள்ளது. இக்கருத்துக்கு இலக்கியம், கல்வெட்டு, மருத்துவ நூல் ஆகியவை எந்த அளவுக்கு இடந்தருகின்றன என்பதைச் செஞ்சிப் பகுதியை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: செஞ்சி, புண் மருத்துவம், தேன், திருமுக்கூடல் கல்வெட்டு, சமணம், சித்த மருத்துவம்.

முன்னுரை

செஞ்சிக் கோட்டையின் வரலாறு முற்றுகைகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 1677இல் சிவாசி இதனைக் கைப்பற்றினார். 1690இல் சுல்பிகர்கான் தலைமையில் வந்த முகலாயப் படை, இராசாராம் தங்கியிருந்த இக்கோட்டையை வளைத்தது. எட்டாண்டு நீண்ட அம்முற்றுகை 1698இல் முடிவுற்றது. 1714இல் தேசிங்கு போரில் மாண்டான். 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் தலைமையில் பிரெஞ்சுப் படையும், 1761இல் ஆங்கிலப் படையும் கோட்டையைக் கைக்கொண்டன. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் இணைக்கும் மதிலுக்குள் களஞ்சியம், குதிரை இலாயம், குளங்கள் ஆகியவை இன்றும் காணக்கிடைக்கின்றன.

வென்றவர் பெயரும் தோற்றவர் பெயரும் பதிவாகியுள்ள இவ்வரலாற்றில் புண்பட்டுக் கிடந்தவர் இடம்பெறவில்லை. வாளும் வேலும் குண்டும் விளைத்த காயங்கள் எவ்வாறு பேணப்பட்டன என்ற வினா, படை வரலாற்றுக்கும் மருத்துவ வரலாற்றுக்கும் இடையே விடுபட்டு நிற்கிறது. அந்த இடைவெளியை அண்மைக்காலத்தில் ஒரு பெருமிதக் கூற்று நிரப்ப முயல்கிறது. மேலை நாட்டார் இன்று போற்றும் தேன் மருத்துவத்தை நம் முன்னோர் போர்க்களத்திலேயே கையாண்டனர் என்பது அக்கூற்று. அதனைச் சான்றுகளின் முன் நிறுத்திப் பார்ப்பது தேவையாகிறது.

சங்க இலக்கியம் காட்டும் புண் பேணல்

புறத்திணையில் புண்பட்ட வீரனைப் பேணுதல் தனித்துறையாக அமைந்துள்ளது. கணவனின் புண்ணைப் பேய் தீண்டாமல் மனைவி காத்தலைத் தொல்காப்பியம் காஞ்சித் திணையின் துறைகளுள் ஒன்றாகக் கூறுகிறது. அரிசில்கிழார் பாடிய புறநானூற்று 281ஆம் பாடல் இத்துறையை விரிவாகக் காட்டுகிறது. வீட்டில் வேப்பிலை செருகுதல், மையிழுது பூசுதல், ஐயவி தூவுதல், நறும்புகை எழுப்புதல், யாழும் பிற இசைக்கருவிகளும் ஒலிக்கக் காஞ்சிப் பண் பாடுதல் ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. 'இழுது' என்னும் சொல் நெய், வெண்ணெய் போன்ற குழைபொருளைக் குறிப்பது. எனினும் இப்பாடலில் மருத்துவத்தையும் காப்புச் சடங்கையும் பிரித்துக் காண்பது எளிதன்று.

மருத்துவச் செய்முறையை இதனினும் தெளிவாகக் காட்டுபவை வேறிரண்டு பாடல்கள். பதிற்றுப்பத்தின் 42ஆம் பாடலில் பரணர், மார்புப் புண்ணைத் தைக்கும் நெடிய வெள்ளூசியை நீரில் மூழ்கி எழும் சிரல் பறவைக்கு ஒப்பிடுகிறார். புறநானூற்றின் 353ஆம் பாடல், புண்ணின் மேல் வைத்த பஞ்சியை இன்னும் களையாத வீரர்களைக் குறிப்பிடுகிறது. புண்ணைத் தைத்தலும், பஞ்சியிட்டு மூடி ஆறும்வரை விட்டுவைத்தலும் சங்ககாலத்தில் அறியப்பட்டிருந்தன என்பதை இவை உறுதிப்படுத்துகின்றன. இம்மூன்று பாடல்களிலும் தேன் மருந்தாகக் கூறப்படவில்லை என்பது கருதத்தக்கது.

தேன் கிடைக்காமையால் நேர்ந்த விடுபாடு அன்று இது. செஞ்சிக்கு மேற்கே உள்ள செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம், நெடுவரையில் மூங்கிலால் அமைந்த மால்பில் ஏறித் தேன் எடுத்தலைக் கூறுகிறது. ஆகவே இவ்வட்டாரம் தேனை நன்கறிந்த மலைநாடாகும். ஆயினும் ஒரு பொருள் கிடைத்தது என்பதனால் அது புண்ணுக்குப் பயன்பட்டது என முடிவு செய்தல் இயலாது.

நூல்வழி மருத்துவமும் கல்வெட்டும்

புண்ணில் தேனிடும் முறைக்குத் தெளிவான பழைய சான்று சுசுருத சங்கிதையில் கிடைக்கிறது. அறுத்துச் சீழ் அகற்றிய புண்ணைக் கழுவி, எள் விழுது, தேன், நெய் ஆகியவற்றில் தோய்த்த திரியை உள்ளிட்டு, மேலே துணியால் கட்டும் முறையை அந்நூலின் சூத்திரத்தானம் விளக்குகிறது. பதினான்கு வகைக் கட்டுகளையும் அது கூறுகிறது. குளிர்காலத்தில் கட்டை நீண்ட இடைவெளியிலும், வெயிற்காலத்தில் குறுகிய இடைவெளியிலும் மாற்ற வேண்டும் என்கிறது. இங்கே தேன் தனித்து நிற்கவில்லை. கழுவுதல், கொழுப்புப் பொருள், கட்டு, கால அளவு ஆகியவை சேர்ந்த முறையின் ஓர் உறுப்பாகவே அது அமைந்துள்ளது.

சித்த மருத்துவம் வகுக்கும் முப்பத்திரண்டு புறமருந்துகளுள் கட்டு, பற்று, பூச்சு, களிம்பு, சீலை, வர்த்தி ஆகியவை அடங்கும். மருந்து தோய்த்த துணியாகிய சீலையும், திரியாகிய வர்த்தியும் புண்ணை உலரவிடாமல் மருந்தை நிலைநிறுத்தும் வடிவங்களாகும். தேன் சித்த மருத்துவத்தில் பெரிதும் அனுபானமாக, அதாவது உட்கொள்ளும் மருந்துக்குத் துணையாக வழங்குகிறது.

நிறுவன நிலையிலான சான்று திருமுக்கூடல் கல்வெட்டாகும். பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகியன கூடும் அவ்வூர்க் கோயிலில், வீரராசேந்திரன் காலத்தில் (1063–1070) பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டு, பதினைந்து நோயாளர் தங்கும் ஆதுலசாலையைப் பதிவு செய்கிறது. மருத்துவர் ஒருவர், சல்லியக்கிரியை செய்பவர் ஒருவர், மருந்துப் பொருள் கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்கள் ஆகியோர்க்கு அங்கே நிவந்தம் வகுக்கப்பட்டது. இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் தைலங்களும் கிருதங்களும் பலவாக உள்ளன. பழநெய்யும் அப்பட்டியலில் உண்டு. அறுவை செய்வோர் பணியாற்றிய ஒரு சோழர்கால மருத்துவமனையின் மருந்துப் பெயர்களில் நெய்யும் எண்ணெயுமே மேலோங்கி நிற்கின்றன.

செஞ்சியின் சமணச் சூழல்

செஞ்சி வட்டாரத்தில் தேனின் மருத்துவப் பயன்பாட்டை ஆராய்வோர் பெரும்பாலும் கருதாத ஒரு கூறு சமணமாகும். செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தியை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. மேல்சித்தாமூர் இன்றும் தமிழ்ச் சமணரின் மடத் தலைமையிடமாக விளங்குகிறது.

சமண இல்லறத்தார் ஊனும் கள்ளும் போலவே தேனையும் விலக்க வேண்டியவர். தேனெடுத்தல் எண்ணற்ற சிற்றுயிர்களை அழிக்கும் என்பது அதற்குக் காரணம். இரத்தின கரண்டக சிராவகாசாரமும் அதன்வழித் தமிழில் தோன்றிய அருங்கலச்செப்பும் இவ்விலக்கை அடிப்படை ஒழுக்கமாக வைக்கின்றன. உக்கிராதித்தர் என்னும் சமண முனிவர் இயற்றிய கல்யாணகாரகம், ஊன், கள், தேன் ஆகியவற்றை விலக்கியே மருத்துவத்தை வகுத்தது. எனவே 'செஞ்சியில் எல்லோரும் புண்ணுக்குத் தேன் இட்டனர்' எனப் பொதுமைப்படுத்துவது அம்மண்ணின் சமய வரலாற்றுக்கே முரணாகும். ஒரே மலையடிவாரத்தில் தேனை மருந்தென்று கொண்டோரும், தீண்டத்தகாதது என்று விலக்கியோரும் அருகருகே வாழ்ந்துள்ளனர்.

இக்கால ஆய்வுகள்

புண் உலர்ந்து பொருக்குத் தட்டினால்தான் ஆறும் என்னும் நம்பிக்கையை 1962இல் சியார்ச்சு விண்டர் மாற்றினார். பன்றிகளின் தோலில் பாலித்தீன் படலத்தால் மூடிய புண்கள், திறந்துவிட்ட புண்களைவிட ஏறத்தாழ இருமடங்கு விரைவில் மேல்தோல் கொண்டதை அவர் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். ஈரங்காக்கும் கட்டுகள் பின்னர்ப் பெருகியதற்கு இதுவே அடிப்படை.

தேனின் செயற்பாடும் விளக்கம் பெற்றுள்ளது. அதன் மிகுந்த சர்க்கரைச் செறிவு நுண்ணுயிரிகளுக்கு நீர் கிட்டாமல் செய்கிறது. அமிலத்தன்மையும், நீர்த்துப்போகும்போது குளுக்கோசு ஆக்சிடேசு நொதியால் தோன்றும் ஐதரசன் பெராக்சைடும் அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. மகாராட்டிரத்தில் எம். சுப்பிரமணியம் 104 தீக்காய நோயாளரிடம் செய்து 1991இல் வெளியிட்ட ஆய்வில், தேன் தோய்த்த கட்டிட்ட புண்களில் 91 விழுக்காடு ஏழு நாளில் தொற்று நீங்கின. வெள்ளி சல்ஃபாடயசின் இட்டவற்றில் அது 7 விழுக்காடாகவே இருந்தது. 2007இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் தேன் கட்டுகளுக்கு இசைவளித்தது. எனினும் 2015ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வு, மேலோட்டமான தீக்காயங்களுக்கும் தொற்றுற்ற அறுவைப் புண்களுக்கும் மட்டுமே தேனின் பயனை ஓரளவு உறுதியாக ஏற்றது. பிற புண்களுக்குச் சான்று வலுவற்றது என்றே அது கூறியது.

மருத்துவத் தேன் காமாக் கதிரால் தூய்மையாக்கப்பட்டது. மலையில் எடுத்த தேனிலோ கடைத்தேனிலோ கிளாசுட்ரிடிய வித்துகள் இருக்கக்கூடும். ஆகவே முன்னோர் வழக்கம் என்னும் பெயரில் நீரிழிவுக் காற்புண்ணில் வீட்டுத்தேனைத் தடவி மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடுவது காலையே இழக்கச் செய்யலாம். வரலாற்றுக் கூற்றில் நேரும் மிகை, இவ்வாறு உடலளவிலும் தீங்கு செய்கிறது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகள் மூன்று முடிபுகளைத் தருகின்றன. முதலாவது, புண்ணைத் தைத்தல், பஞ்சியிட்டு மூடுதல், நெய், எண்ணெய், சீலை, வர்த்தி ஆகியவற்றால் உலராது காத்தல் என்பன தமிழகத்தில் நெடிய மரபுடையவை. ஈரங்காக்கும் கட்டு என்னும் கருத்துக்கு நம் மரபிலுள்ள உறவு, தேனைவிட இவற்றின் வழியே வலுவாக நிலைநாட்டத்தக்கது. இரண்டாவது, புண்ணில் தேனிடல் வடமொழி மருத்துவ நூலில் ஒரு முழு முறையின் உறுப்பாகக் கூறப்படுகிறது. அதனைச் சங்ககாலப் போர்க்களத்தின் மேல் ஏற்றிச் சொல்ல இங்கு ஆய்ந்த பாடல்கள் இடந்தரவில்லை. மூன்றாவது, செஞ்சி போன்ற ஓரிடத்தில் மருந்துப் பொருளின் வரலாறு சமய ஒழுக்கத்தின் வரலாற்றோடு சேர்த்தே எழுதப்பட வேண்டும்.

சிரல் பறவை போல் ஊசி மூழ்கியெழ மார்புப் புண்ணைத் தைத்த மருத்துவரின் திறன், எவ்வித மிகையும் இன்றியே பெருமைக்குரியது. அத்திறனைச் சான்று உள்ள அளவிற்குச் சொல்வதே அவருக்குச் செய்யும் சிறப்பாகும்.