கொங்கோவின் சாட்சி

1904ஆம் ஆண்டு மே மாதம், கொங்கோவின் பாரிங்கா மிஷனுக்கு என்சாலா என்னும் தந்தை வந்தார். இறப்பர்க் கம்பனியின் காவலர் கொன்ற தம் சிறுமகளின் கையையும் பாதத்தையும் இலையிற் சுற்றி எடுத்து வந்திருந்தார். அலிஸ் ஹரிஸ் என்ற ஆங்கில மிஷனரிப் பெண்மணி, அவற்றின் முன் அவர் அமர்ந்திருந்த கோலத்தைப் படம் பிடித்தார்.

பிரித்தானிய மண்டபங்களிலே அப்படம் திரையிற் காட்டப்பட்டது. பார்த்தோர் கொதித்தனர். (அவர்களிற் சிலர் சைக்கிளில் வந்திருப்பர், டயரின் இறப்பர் எந்நாட்டதோ!) கண்டனம் பெருகவே, தம் தனியுடைமையாக ஆண்ட அந்நாட்டை லியோபோல்ட் மன்னர் 1908இல் பெல்ஜிய அரசிடம் ஒப்படைக்க நேர்ந்தது. விடுதலையோ 1960இலேதான்.

உதவியவரின் கருணையை விரித்தெழுதும் வரலாறுகள் என்சாலாவை வெறும் பரிதாபத்துக்குரியவராகவே காண்கின்றன. ஆனால், அச்சான்றைத் தம் கைகளிற் சுமந்து, மிஷன் வாசல்வரை கொண்டுவந்தவர் அவரல்லவா?