சந்திரனிலிருந்து வந்த காட்சியும் அழிந்த நாடாவும்

ஓலையிலே எழுதிய நூல்களைக் காப்பதற்கு நம் முன்னோர் கைக்கொண்ட வழி, ஏடு நைந்து போகுமுன் வேறோர் ஏட்டிலே அதனைப் பெயர்த்தெழுதி வைப்பதாகும். பெயர்த்தெழுதப்படாத நூல்கள் பல செல்லுக்கு இரையாயின. சிறுப்பிட்டி தந்த பெரியார் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையை அச்சேற்றியபோது, எங்கெங்கோ எஞ்சியிருந்த ஏட்டுப் பிரதிகளே அந்நூலுக்கு உயிர் தந்தன.

ஏட்டுக்கு நேர்ந்த கதி, விஞ்ஞானம் வளர்ந்த காலத்து ஒளிப்பதிவுகளுக்கும் நேருமோ என வாலிபர்கள் வினவலாம். மனிதன் சந்திரனிலே முதன்முதற் கால் வைத்த காட்சியே அதற்கு விடை கூறும்.

1969ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நீல் ஆம்ஸ்ரோங், எட்வின் ஓல்ட்ரின் ஆகிய இருவரும் சந்திரனில் இறங்கினர். அங்கிருந்த தொலைக்காட்சிக் கமரா, விநாடிக்கு 10 படங்களும் படமொன்றுக்கு 320 கோடுகளுமாகக் காட்சியை அனுப்பியது. அமெரிக்கத் தொலைக்காட்சிக்கோ விநாடிக்கு 30 படங்களும் 525 கோடுகளும் வேண்டும். ஆதலின், பூமியில் வந்து சேர்ந்த காட்சியை ஒரு திரையில் விழுத்தி, அத்திரையை வேறொரு கமராவினாற் பிடித்து ஒளிபரப்பினர். இம்மாற்றத்தினால் தெளிவு குன்றியது. உலகம் வியந்து பார்த்தது அந்த மங்கிய படத்தையே.

மாற்றப்படாத ஆதிக் காட்சியோ, விண்வீரரின் உடல்நிலை அளவுகள் முதலியவற்றோடு, ஓரங்குல அகலமுள்ள காந்த நாடாக்களிற் பதியப்பட்டது. ஒளிபரப்புத் தடைப்பட்டால் உதவும் என்பதே கருத்து. தடை நேரவில்லை; நாடாக்களைத் தேடுவாருமில்லை. அவை களஞ்சியம் புகுந்தன.

காந்த நாடா விலை கூடியது. பழைய பதிவை அழித்துவிட்டாற் புதிய பதிவுக்கு உதவும். 1970களிலும் 1980களிலும் செய்மதிகள் அனுப்பிய தரவுகளைப் பதிய நாடாத் தட்டுப்பாடு உண்டாயிற்று. பழைய நாடாக்கள் ஆயிரக்கணக்கில் வரவழைக்கப்பட்டுத் துடைக்கப்பட்டன. பல ஆண்டுகள் தேடியபின், அப்பலோ 11 நாடாக்களும் அவ்வாறே அழிந்திருக்க வேண்டுமென 2009ஆம் ஆண்டில் நாசா அறிவித்தது.

இங்கே கள்வரில்லை, பகைவருமில்லை. சிக்கனமாகக் கடமை செய்த ஊழியரே அழித்தனர். ஆயிரம் நாடாக்களுள் ஒன்றாகக் கிடந்ததை, மீண்டும் பெற முடியாத பொருளென எடுத்துச் சொல்வாரில்லை. அதனைக் காக்கும் பொறுப்பு இன்னாருடையது என்ற நியமமும் இல்லை.

எனினும் காட்சி முற்றாக மறையவில்லை. ஒளிபரப்பான படத்தின் பிரதிகள் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் வெவ்வேறிடங்களில் இருந்தன. அவற்றுட் சிறந்தவற்றைச் சேர்த்துத் துலக்கி, 2009ஆம் ஆண்டில் 40ஆவது ஆண்டு நிறைவின்போது வெளியிடத் தொடங்கினர். பல இடங்களிற் பிரதி இருந்தமையே அக்காட்சியைக் காத்தது. ஏட்டுக்கு நம் முன்னோர் கண்ட வழியும் இதுவன்றோ?

இப்பாடம் நமக்கும் உரியது. திருமணம், தேர்த் திருவிழா, மறைந்த பெரியோரின் பேச்சு ஆகியவற்றைத் தாங்கிய வீடியோ நாடாக்கள் நம் வீட்டு அலுமாரிகளில் உறங்குகின்றன. ஈரக் காற்றில் அவற்றிற் பூஞ்சணம் பிடிக்கிறது. அவற்றை ஓட்டும் கருவியைக் கடைசிவரை செய்துவந்த யப்பானிய நிறுவனமும் 2016ஆம் ஆண்டில் அத்தொழிலை நிறுத்திவிட்டது. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் படமோ, விரல் தவறினால் நொடியில் மறைந்துவிடும்.

ஆதலின் வாலிபர்களே, பழைய நாடாவைக் கணினியிற் பெயர்த்து மூன்று பிரதிகள் வையுங்கள். ஒன்றையேனும் வேற்றூரில் உள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். நாடாவின் முதுகிலுள்ள சிறு தகட்டை ஒடித்துவிட்டால் அதன்மேல் மறுபதிவு விழாது. ஆண்டுக்கொரு முறை எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்கள். பிரதியின்மேல் நாள், இடம், நிகழ்ச்சி ஆகியவற்றை எழுதுங்கள்.

பெரியோர்களே, படத்தில் நிற்பவர் இன்னார் இன்னாரெனச் சொல்ல வல்லவர் நீங்களே. பிள்ளைகளை அருகிருத்திப் பெயர்களைச் சொல்லி எழுதுவியுங்கள். பெயரற்றுக் கிடந்த நாடாவே அன்று துடைக்கப்பட்டது.