கல்லுக்குள் எண்ணெய்: பூமியின் எதிரொலி சொன்ன சேதி

கோலசிலாங்கூர், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டங்களிலிருந்து தைப்பூசத்துக்குப் பத்துமலை செல்வோர், 272 படிகளையும் ஏறியபின் குகையின் உச்சியை அண்ணாந்து பார்த்து வியப்பது வழக்கம். அக்குகையைக் குடைந்தது உளியன்று, நீரே. சுண்ணாம்புப் பாறை நீரில் சிறுகச் சிறுகக் கரையும் இயல்புடையது. சுமார் நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த அப்பாறை, பின்னர் நிலமாக உயர்ந்து, கரைந்து, குகையாயிற்று. இவ்வினப் பாறை வேறிடங்களில் ஆழப் புதையுண்டு, அதன் துளைகளில் எண்ணெய் தேங்குமாயின், அது ஒரு நாட்டின் பெருஞ்செல்வமாகிறது. உலகின் எண்ணெய் இருப்பில் பாதிக்கு மேற்பட்ட பங்கு இத்தகைய பாறைகளிலேயே அடங்கியுள்ளது என்பது பூகர்ப்ப அறிஞர்களின் மதிப்பீடு.

கண்ணுக்குப் புலப்படாத இப்பாறையை மனிதன் எவ்வாறு அறிந்தான்?

பீரங்கி கற்பித்த பாடம்

முதல் உலகப் போரின்போது, மறைந்திருக்கும் பகைவரின் பீரங்கியை அதன் ஒலியையும் அதிர்வையும் கொண்டு கண்டறிய இரு தரப்பினரும் முயன்றனர். ஜெர்மானியரான லுட்கர் மின்ட்ரோப், நில அதிர்வினால் பாறையின் அமைப்பை அறியும் முறைக்கு 1919-இல் காப்புரிமை கோரினார். அமெரிக்காவில் பீரங்கி ஒலி ஆய்வில் ஈடுபட்டிருந்த கிளாரன்ஸ் கார்ச்சர் என்னும் பௌதிக அறிஞர், 1921-இல் ஒக்லஹோமாவில் வெடிமருந்தை வெடித்து, பூமிக்குள்ளிருந்து மீண்டு வந்த எதிரொலியைப் பதிவு செய்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் அவர் குழுவினர் எதிரொலி கொண்டு வரைந்து காட்டியது, களிப்பாறைக்கும் அதன் கீழிருந்த சுண்ணாம்புப் பாறைக்கும் இடைப்பட்ட எல்லையையே. ஆகவே, இக்கலை பிறந்ததே சுண்ணாம்புப் பாறையின் மேல்தான் எனலாம்.

பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து அதன் பக்குவத்தை அறிவது போன்றதே இம்முறை. ஒலி நீரில் வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். இறுகிய சுண்ணாம்புப் பாறையிலோ 6,000 மீட்டர் வரை செல்லும். வேகமும் அடர்த்தியும் மாறும் எல்லைதோறும் ஒலியின் ஒரு பகுதி திரும்பி வருகிறது. அது திரும்ப எடுக்கும் நேரம் ஆழத்தையும், அதன் வலிமை பாறையின் தன்மையையும் உணர்த்துகின்றன.

பம்பாய்க் கடலில்

இந்தியாவில் பெரும் எண்ணெய் வளம் இராது என்று மேனாட்டு நிபுணர் பலர் கருதியிருந்த காலத்தில், 1956-இல் எண்ணெய், இயற்கை வாயு ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதற்குப் பின்னணியில் நின்றவர் கேசவ தேவ மாளவியா. 1958-இல் காம்பேயிலும், 1960-இல் அங்கலேசுவரத்திலும் எண்ணெய் கிடைத்தது. நிலத்தில் கிடைத்தது கடலிலும் தொடருமோ என்ற வினா எழுந்தது. 1964 முதல் 1967 வரை 'அகாடமிக் அர்கங்கெல்ஸ்கி' என்னும் சோவியத் கப்பலில் இந்திய, ரஷ்ய விஞ்ஞானிகள் காம்பே வளைகுடாவையும் அதனை அடுத்த கடலையும் அதிர்வலைகளால் அளந்தனர். பம்பாய்க்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில், கடலடியில் மாபெரும் மேடு ஒன்று புதைந்து கிடப்பதை அவ்வெதிரொலிகள் காட்டின.

ஆயினும் ஆழ்கடலில் துளையிடும் சாதனம் அன்று இந்தியாவிடம் இல்லை. ஜப்பானில் கட்டப்பட்ட 'சாகர் சாம்ராட்' என்னும் துளைமேடை 1973-இல் வந்து சேர்ந்தது. அதே ஆண்டின் எண்ணெய் நெருக்கடியில் விலை பன்மடங்கு ஏறி, ஏழை நாடுகள் திணறின. 1974 பிப்ரவரியில் பம்பாய்க் கடலில் எண்ணெய் பீறிட்டது. 1976 மே மாதம் உற்பத்தி தொடங்கியது.

வடிவம் வேறு, உள்ளடக்கம் வேறு

மேட்டின் வடிவத்தை அறிந்ததனால் அதன் உள்ளிருப்பையும் அறிந்ததாகாது. மணற்பாறையில் மணிகளுக்கிடையே துளைகள் ஓரளவு சீராக அமையும். சுண்ணாம்புப் பாறையோ கடல்வாழ் உயிர்களின் ஓடுகளாலும் பவளத்தாலும் ஆனது. அது கரைந்தும், மீண்டும் இறுகியும், வெடித்தும் மாறுவதால், ஓரிடத்தில் பஞ்சுபோலவும் சில மீட்டர் தள்ளிக் கருங்கல்போலவும் இருக்கும். மேலும் இது விறைப்பான பாறை. துளைகளில் நிறைந்திருப்பது எண்ணெயா, நீரா என்ற வேறுபாடு எதிரொலியில் மிக மெலிதாகவே ஒலிக்கும்.

மற்றொரு தடையும் உண்டு. ஒலியின் வேகம் 4,000 மீட்டர், அதிர்வெண் 40 எனில், அலைநீளம் 100 மீட்டராகும். அதில் கால் பங்கான 25 மீட்டருக்கும் மெல்லிய படைகளைத் தனித்தனியே பிரித்தறிதல் அரிது. பம்பாய்க் கடலின் முதன்மைப் பாறையான 'எல்-3' படையில், மெல்லிய சுண்ணாம்பு அடுக்குகளும் அவற்றினிடையே களிப்படலங்களும் மாறி மாறி அமைந்துள்ளன. எல்லா அடுக்குகளும் ஒரே சீராக எண்ணெயை விடவில்லை. 1980-களில் உச்சத்தை எட்டிய உற்பத்தி பின்னர் சரிந்தது. ஆகவே துளையிட்டெடுத்த பாறைத் துண்டங்களையும், கிணற்றுக்குள் இறக்கிய கருவிகளின் அளவீடுகளையும், முப்பரிமாண அதிர்வுப் படங்களையும் ஒன்றோடொன்று பொருத்தி, எங்கே துளை மிகுதி என்று மறுபடியும் கணிக்க வேண்டியதாயிற்று. துளை மிகுந்த பாறையில் ஒலி மெதுவாகச் செல்லும் என்பதே அக்கணிப்பின் அடிப்படை. 2025-இல்கூட இவ்வயலின் உற்பத்தியை உயர்த்த பி.பி. நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவி நாடப்பட்டது.

சரவாக்கின் பவளமேடுகள்

மலேசியாவிலும் இதற்கு இணையான செல்வம் உண்டு. சரவாக் கடலில் மத்திய லூக்கோனியா என்னும் பகுதியில், மயோசீன் காலத்தில் உருவான இருநூறுக்கும் மேற்பட்ட சுண்ணாம்பு மேடுகளை அதிர்வுப் படங்கள் காட்டியுள்ளன. அவற்றுள் பலவற்றில் இயற்கை வாயு உண்டு. 1983-இல் பிந்துலுவிலிருந்து ஜப்பானுக்குத் திரவ வாயு ஏற்றுமதி தொடங்கியதற்கு இவ்வாயு வயல்களே ஆதாரம். 1910-இல் மிரியில் தோண்டிய முதற்கிணறு, நிலத்தின் மேல் கசிந்த எண்ணெயைக் கண்டு தோண்டப்பட்டது. லூக்கோனியாவில் அத்தகைய வெளிப்படையான வழிகாட்டி இல்லை, எதிரொலியே வழி காட்டியது.

இன்று இப்பாறைகளுக்குப் புதியதொரு பணியும் வந்துள்ளது. காசாவாரி வயலின் வாயுவிலிருந்து பிரிக்கும் கரியமில வாயுவை, எம்-1 என்னும் வற்றிய வயலுக்குள் செலுத்தும் திட்டத்துக்குப் பெட்ரோனாஸ் 2022-இல் இறுதி முடிவெடுத்தது. எடுப்பதற்குப் பாறையின் துளைகளை அறிய வேண்டியிருந்தது போலவே, அடைத்து வைப்பதற்கும் அறிய வேண்டும். அடைத்தது கசியாதிருக்க அதன் மேல்மூடியையும் அறிய வேண்டும். அறிவில் பிழை நேரின் முன்பு நட்டம் பணத்தோடு போயிற்று. இனி அது வருங்காலத் தலைமுறையையும் சாரும்.

பம்பாய்க் கடலில் எதிரொலி கேட்டதற்கும் எண்ணெய் கண்டதற்கும் இடையே சுமார் பத்தாண்டுகள் கழிந்தன. கேட்டதன் முழுப்பொருளையும் உணர்வதற்கோ அரை நூற்றாண்டும் போதவில்லை. பத்துமலைப் படியேறும் மாணவன் அக்குகைச் சுவரை ஒருகணம் தொட்டுப் பார்ப்பானாகில், அவன் கைபடுவது ஒரு பெரும் பாடநூலின் அட்டையே. அதன் உள்ளேடுகளைப் படிக்கப் பௌதிகமும் கணிதமும் பொறுமையும் வேண்டும்.