நேப்பிள்ஸுக்கு இரண்டு டிக்கெட்: பயணத்தைத் திட்டமிட்டவர் யார்?

என்னிடம் முதுகலை வரலாறு படித்த மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். திருமணமாகி ஐந்தாண்டுகள் ஆகின்றன. இப்போதுதான் முதன்முறையாக இருவர் மட்டும் வெளிநாடு போகிறார்கள். தெற்கு இத்தாலியின் கடற்கரை நகரமான நேப்பிள்ஸ், நான்கு நாட்கள். "மேடம், டிராவல்ஸ்காரர் ஒரு லிஸ்ட் கொடுத்திருக்கார். எல்லாமே போட்டோ எடுக்கிற இடமாவே இருக்கு. நீங்க ஒரு பிளான் போட்டுத் தாங்களேன்" என்றாள்.

பட்டியலைப் பார்த்தேன். மாலையில் கடற்கரைச் சாலையில் நடை, காப்ரித் தீவுக்குப் படகு, வெசூவியஸ் எரிமலையைப் பார்த்தபடி இரவு உணவு. இதில் கேலி செய்ய எதுவுமில்லை. சம்பாதித்துச் சேர்த்த பணத்தில் ஒரு பெண் தனக்குப் பிடித்தவனோடு கடல் பார்க்கப் போவது நம் பாட்டிகளுக்குக் கிடைக்காத ஒன்று. ஆனால் அந்தப் பட்டியலில் அந்த நகரத்துப் பெண் ஒருத்திகூட இல்லை. காதலின் பேரால், திருமணத்தின் பேரால் இந்த நகரத்துக்கு வந்த பெண்கள் யார், அவர்களுடைய பயணத்தைத் திட்டமிட்டவர் யார் என்ற கேள்வியோடு அவளுக்குச் சில குறிப்புகள் எழுதினேன். அவற்றின் விரிவே இக்கட்டுரை.

முதல் நாள் மாலை: கடற்கரைச் சாலை

இணையர்கள் கைகோத்து நடக்கும் அந்தச் சாலையின் ஒரு பகுதிக்குப் பார்த்தெனோப்பே என்று பெயர். அவள் பாட்டால் மாலுமிகளை மயக்கும் கடற்கன்னியருள் ஒருத்தி. கப்பலின் பாய்மரத்தில் தன்னைக் கட்டிக்கொண்டு ஒடிசியஸ் அவர்களுடைய பாட்டைக் கேட்டுவிட்டுத் தப்பிப் போகிறான். தோற்றுப்போன கடற்கன்னியர் கடலில் விழுந்து மாண்டதாகப் பிற்காலக் கதைகள் சொல்கின்றன. பார்த்தெனோப்பேயின் உடல் ஒதுங்கிய இடத்தில் ஊர் எழுந்ததாம். அவள் பெயரிலிருந்த பழைய குடியிருப்பை அடுத்துத்தான் நியாப்போலிஸ், அதாவது 'புது ஊர்', உருவாயிற்று. இன்றும் நேப்பிள்ஸ்காரர்களுக்கு அவள் பெயரால் ஒரு பெயர் உண்டு.

ஆணை மயக்க முயன்று தோற்ற பெண் செத்தால் தெய்வம் என்ற கணக்கு நமக்குப் புதிதல்ல. பாடத் தெரிந்தவள் என்பதை மறந்துவிட்டு, கரை ஒதுங்கிய உடலைத்தான் ஊர் கொண்டாடியது.

அதே கடற்கரையில் தொடர்ந்து நடந்தால் சாலையின் பெயர் கராச்சோலோ என்று மாறும். 1799 ஜூன் இறுதியில் இந்த விரிகுடாவில், ஒரு கப்பலின் பாய்மரக் கம்பத்தில் தூக்கிலிடப்பட்ட கடற்படைத் தளபதியின் பெயர் அது. அந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அது தேவைப்படும்.

இரண்டாம் நாள்: இரண்டு பெண்கள், ஒரே விரிகுடா

மார்ட்டிரி சதுக்கத்துக்கு அருகே ஒரு சந்துக்குள் செஸ்ஸா மாளிகை இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் தூதர் வில்லியம் ஹாமில்டன் வாழ்ந்த வீடு. 1786இல் எம்மா என்ற இருபத்தோரு வயதுப் பெண் லண்டனிலிருந்து தன் தாயோடு இங்கு வந்து இறங்கினார். கொல்லன் மகள். சிறுவயதில் வீட்டுவேலை செய்தவர். பதின்பருவத்திலேயே ஒரு குழந்தைக்குத் தாயானவர். சார்லஸ் கிரெவில் என்ற உயர்குடி ஆண் அவரை லண்டனில் தன் பராமரிப்பில் வைத்திருந்தார்.

நேப்பிள்ஸ் பயணம் ஒரு விடுமுறை என்றுதான் எம்மாவிடம் சொல்லப்பட்டது. கிரெவில் சில மாதங்களில் வந்து சேர்ந்துகொள்வதாகப் பேச்சு. உண்மையில் கிரெவிலுக்குப் பணக்கார வீட்டுப் பெண் ஒருத்தியை மணக்கும் எண்ணம் இருந்தது. எம்மா அதற்கு இடைஞ்சல். மனைவியை இழந்திருந்த தாய்மாமன் ஹாமில்டனுக்கு எம்மாவைக் கைமாற்றிவிடுவதென்று மாமனும் மருமகனும் கடிதங்களிலேயே முடிவு செய்திருந்தார்கள். இந்தப் பயணத்தின் பொருள் எம்மாவுக்குப் புரிய மாதங்கள் ஆயின. கிரெவிலுக்கு அவர் எழுதிய மன்றாடல் கடிதங்கள் இன்றும் இருக்கின்றன.

அதன்பின் நடந்ததுதான் உலகம் கொண்டாடும் காதல் கதை. எம்மா இத்தாலிய மொழியும் பாட்டும் கற்றார். பழங்காலச் சிலைகளின் தோற்றங்களை ஒரு துண்டுச் சால்வையைக் கொண்டு உடலால் நிகழ்த்திக்காட்டிய அவருடைய நிகழ்ச்சியைக் கவிஞர் கெதே வந்து பார்த்து வியந்தார். 1791இல் ஹாமில்டன் அவரை மணந்தார். எம்மா அரசி மரியா கரோலினாவின் நெருங்கிய தோழியானார். பின்னர் ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சனோடு காதல். விவியன் லீ நடித்து 1941இல் வெளிவந்த திரைப்படம் வரை அந்தக் காதல் நீண்டது. ஆனால் 1805இல் நெல்சன் போரில் இறந்தபோது, எம்மாவை நாடு கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற அவருடைய கடைசி விருப்பத்தை அரசு கண்டுகொள்ளவில்லை. எம்மா கடனுக்காகச் சிறைப்பட்டார். 1815இல் பிரான்சின் கலே துறைமுகத்தில் வறுமையில் இறந்தார்.

மாளிகையிலிருந்து சதுக்கத்துக்குத் திரும்பினால், நடுவே உள்ள தூணைச் சுற்றி நான்கு கல் சிங்கங்கள். நேப்பிள்ஸின் நான்கு எழுச்சிகளை அவை குறிக்கின்றன. அதில் உயிர்விடும் சிங்கம் 1799க்கு உரியது. அந்தச் சிங்கத்தின் அருகில் நின்று சொல்ல வேண்டிய பெயர் எலியோனோரா பிமெந்தெல் ஃபொன்சேகா.

1752இல் ரோமில் ஒரு போர்த்துகீசியக் குடும்பத்தில் பிறந்து நேப்பிள்ஸில் வளர்ந்தவர். கவிஞர், பல மொழி அறிந்தவர். 1778இல் ஒரு ராணுவ அதிகாரிக்கு மணம் முடிக்கப்பட்டார். கணவனின் அடி உதை அன்றாடமானது. முதல் குழந்தை எட்டு மாதத்தில் இறந்தது. அந்தத் துக்கத்தைக் கவிதைகளாக எழுதினார். அடுத்த கரு அடியால் கலைந்தது. 1780களின் நடுவில் சட்டப்படி பிரிந்து தந்தை வீட்டுக்குத் திரும்பினார். மணமுறிவு என்ற ஒன்றே இல்லாத நாட்டில் இது சிறிய காரியமல்ல. அந்த வீட்டைவிட்டு வெளியேறாமல் இருந்திருந்தால் பின்னால் வந்த எலியோனோரா இல்லை.

தடை செய்யப்பட்ட நூல்கள் வைத்திருந்ததற்காக 1798இல் சிறை. 1799 ஜனவரியில் மன்னராட்சி வீழ்ந்து குடியரசு அறிவிக்கப்பட்டது. அதற்குக் கடற்கன்னியின் பெயரையே வைத்தார்கள்: பார்த்தெனோப்பியக் குடியரசு. பிப்ரவரி 2 அன்று அந்தக் குடியரசின் செய்தித்தாளின் முதல் இதழ் எலியோனோராவின் ஆசிரியப் பொறுப்பில் வந்தது. மொத்தம் 35 இதழ்கள். ஏழைகளுக்குப் புரியும்படி அவர்களுடைய பேச்சுமொழியிலேயே இதழ்கள் வர வேண்டும் என்று வாதிட்டவர் அவர்.

ஐந்தே மாதங்களில் குடியரசு வீழ்ந்தது. சரணடைந்தவர்கள் பாதுகாப்பாக நாட்டைவிட்டுப் போகலாம் என்று ஒப்பந்தம் ஆனது. எலியோனோரா கப்பலும் ஏறிவிட்டார். விரிகுடாவுக்குள் வந்த நெல்சன் அந்த ஒப்பந்தத்தை ஏற்க மறுத்தார். அவருடைய கப்பலில் ஹாமில்டனும் எம்மாவும் இருந்தார்கள். பலெர்மோவில் தங்கியிருந்த அரசிக்கு எம்மாவே கண்ணும் காதும். எலியோனோரா கப்பலிலிருந்து இறக்கப்பட்டு, 1799 ஆகஸ்ட் 20 அன்று மெர்காத்தோ சதுக்கத்தில் கூட்டத்தின் முன் தூக்கிலிடப்பட்டார். அந்தப் பழிவாங்கலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள்.

பல நூல்கள் இந்த ரத்தப் பழியை எம்மாவின் தலையிலும் அரசியின் தலையிலும் இறக்கிவைத்துவிட்டு, ஆணையிட்ட மன்னரையும் தளபதியையும் வீரர்களாகவே வைத்துக்கொண்டன. நாம் அந்த வழியில் போக வேண்டியதில்லை. எம்மா செய்ததற்கு எம்மாவுக்குப் பொறுப்பு உண்டு. ஆனால் ஆண்கள் தன்னைக் கொண்டுவந்து இறக்கிய இடத்தில், அவர்களுடைய அன்பையே பிடிமானமாக வைத்துப் பிழைத்தவர் அவர். எலியோனோரா அந்தப் பிடிமானத்தை விட்டவர். ஒருத்திக்கு வறுமையும் மற்றவளுக்குத் தூக்கும் கிடைத்தன.

மூன்றாம் நாள்: கப்போதிமோந்தே அருங்காட்சியகம்

நகரின் வடக்கே குன்றின்மேல் இருக்கிறது. அங்கே அர்த்தெமீஸியா ஜெந்திலெஸ்கியின் ஓவியம் ஒன்றின் முன் சற்று நேரம் நிற்கச் சொன்னேன். படைத்தளபதி ஹோலோஃபெர்னஸின் தலையை யூதித் அறுக்கிறாள். பணிப்பெண் அவனை அழுத்திப் பிடித்திருக்கிறாள். இரண்டு பெண்களின் கைகளிலும் உழைப்பின் வலு தெரிகிறது.

1611இல் ரோமில், தந்தையின் நண்பனான ஓவியன் தாஸ்ஸி அர்த்தெமீஸியாவை வல்லுறவு செய்தான். மணந்துகொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்துக் காலம் கடத்தினான். அவன் ஏற்கெனவே மணமானவன். 1612இல் தந்தை தொடுத்த வழக்கில், சொல்வது மெய்தானா என்று சோதிக்க அர்த்தெமீஸியாவின் விரல்களைத்தான் கயிற்றால் நெரித்தார்கள். ஓவியம் தீட்டும் விரல்கள். 1630இல் நேப்பிள்ஸுக்கு வந்த அவர், இடையில் சில காலம் லண்டனில் இருந்தது போக, வாழ்நாளின் எஞ்சிய காலத்தை இங்கேயே கழித்தார். தனக்கென ஓவியக்கூடம் நடத்தி, விலை பேசி விற்றார். இந்த நகரத்துக்குத் தன் தொழிலுக்காக வந்தவர் என்பதால் எனக்கு அவர்மேல் தனி மதிப்பு.

மணந்துகொள்கிறேன் என்ற வாக்கு வல்லுறவைக் கழுவிவிடும் என்ற எண்ணம் பதினேழாம் நூற்றாண்டோடு போய்விடவில்லை. தெற்கு இத்தாலியில், குறிப்பாக சிசிலியில், இருவர் சேர்ந்து ஓடிப்போவதற்கு 'ஃபுயித்தீனா' என்று பெயர். நம் அக மரபு உடன்போக்கு என்று சொல்வதுதான். பெற்றோர் சம்மதிக்காத காதலர்கள் ஓரிரு இரவு வெளியே தங்கிவிட்டு வந்தால் வேறு வழியின்றித் திருமணம் செய்துவைப்பார்கள். செலவில்லாத கல்யாணம் என்று ஏழைக் குடும்பங்கள் தாங்களே ஒத்துக்கொண்டதும் உண்டு. ஆனால் அதே பெயரில் விருப்பமில்லாத பெண்ணைத் தூக்கிக்கொண்டு போவதும் நடந்தது. வெளியிலிருந்து பார்க்கும் ஊருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வித்தியாசம் பெண்ணின் சம்மதத்தில் மட்டும் இருந்தது, அதை யாரும் கேட்கவில்லை.

சட்டமும் கேட்கவில்லை. பாசிச ஆட்சியின் 1930 தண்டனைச் சட்டத்தின் 544ஆம் பிரிவின்படி, வல்லுறவு செய்தவன் அந்தப் பெண்ணையே மணந்துகொண்டால் குற்றம் இல்லாமல் போய்விடும். 'சீர்செய்யும் திருமணம்' என்று அதற்குப் பெயர். 1965 டிசம்பரில் சிசிலியின் அல்காமோ ஊரில் பிராங்கா வியோலா என்ற பதினேழு வயதுப் பெண் கடத்தப்பட்டார். மீண்டு வந்த பின் கடத்தியவனை மணக்க மறுத்தார். தந்தை மகள் பக்கம் நின்றார். 1966இல் அவனுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதன் பிறகும் சட்டம் உடனே மாறவில்லை. 1970இல் மணமுறிவுச் சட்டம் வந்தது. அதை நீக்க 1974இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் மக்கள் சட்டத்தைக் காப்பாற்றினார்கள். 544ஆம் பிரிவும், 'மானக் கொலை'க்குத் தண்டனையைக் குறைத்த 587ஆம் பிரிவும் நீக்கப்பட்டது 1981இல்தான். பாலியல் வன்முறை 'பொது ஒழுக்கத்துக்கு' எதிரான குற்றம் என்பது மாறி, ஒரு மனிதருக்கு எதிரான குற்றமாக எழுதப்பட்டது 1996இல்.

நான்காம் நாள்: ஒரு நாற்காலி

ஸ்பானியக் குடியிருப்பு என்ற குறுகிய சந்துகளில், த்ரே ரே சந்தில் ஒரு புனிதையின் வீடு இருக்கிறது. அங்குள்ள நாற்காலியில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டால் குழந்தை பிறக்கும் என்று பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். வெளிநாட்டு இணையர்களும் வருகிறார்கள்.

அந்தப் புனிதை, 1715இல் பிறந்த மரியா பிரான்செஸ்கா. தந்தை பார்த்த மாப்பிள்ளையை மறுத்ததற்காக அடிவாங்கி, அறையில் அடைக்கப்பட்டவர். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளாமல் துறவு ஆடை அணிந்து வாழ்ந்தார். நேப்பிள்ஸில் பிறந்த பெண்களில் முதலாவதாகப் புனிதர் பட்டம் பெற்றவர். மணமறுப்பு ஒன்றையே தன் போராட்டமாகக் கொண்ட பெண்ணின் நாற்காலியை, 'இன்னும் விசேஷம் இல்லையா' என்ற கேள்விக்குப் பதில் தேடும் மனைவிமாரின் இடமாக ஊர் மாற்றிவிட்டது. வரிசையில் நிற்பவர்களைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. ஐந்தாண்டுகளாக அதே கேள்வியைக் கேட்டுவரும் என் மாணவிக்கு, அந்த நாற்காலிக்குச் சொந்தக்காரி யார் என்று தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

திட்டத்தை அனுப்பியபோது கீழே ஒரு வரி சேர்த்தேன்: "காப்ரிக்கும் போய்விட்டு வா. எதை விடுவது என்பதை நீங்கள் இருவரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்."

ஒரு வாரம் கழித்து அவள் திருத்திய பட்டியல் வந்தது. எரிமலை இரவு உணவு அப்படியே இருந்தது. கணவர் நாற்காலியை நீக்கியிருந்தாராம், அவளுக்கு வருத்தமாக இருக்குமோ என்று. அவள் அதைத் திரும்பச் சேர்த்திருந்தாள். பக்கத்தில் எழுதியிருந்தாள்: "உட்கார இல்ல மேடம். அவங்களைப் பார்த்துட்டு வர."