பொற்கம்பியும் விழுந்த பல்லும்

விழுந்த பல்லை மீண்டும் பொருத்துவது இக்கால மருத்துவத்தின் புதுமை என்றே நம்மில் பலர் எண்ணுகின்றோம். ஸ்பெயின் நாட்டுக் குர்துபா நகரை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்து, 1013-ஆம் ஆண்டளவில் மறைந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, ‘கிதாபுத் தஸ்ரீஃப்’ என்னும் 30 பாகப் பெருநூலின் இறுதிப் பாகத்திலே இதனை எழுதி வைத்துள்ளார். ஆடும் பற்களை அண்டைப் பற்களோடு பொற்கம்பியால் பிணைக்க வேண்டும். வெள்ளி சில நாளில் பச்சை பூத்துக் கெடும், பொன் மாறாது என்கிறார். விழுந்த பல்லையும் அதன் குழியில் வைத்து அவ்வாறே கட்டலாம். ஆனால் கைதேர்ந்தவரே செய்ய வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. என்ன நிதானம்!

எவ்வளவு நேரத்திற்குள் என்ற வினாவிற்கு விடை மிகப் பின்னரே கிடைத்தது. டென்மார்க்கில் ஆண்ட்ரியாசென் தம் துணைவருடன் 110 பற்களை ஆராய்ந்து 1966-இல் வெளியிட்டார். அரை மணிக்குள் பொருத்தியவற்றில் பத்தில் ஒன்பதின் வேர் கரையவில்லை. வேரைப் போர்த்திய மெல்லிய திசு உலர்ந்து மடிவதே கேட்டிற்குக் காரணம். ஆகவே பிள்ளையின் நிலைத்த பல் விழுந்தால் வேரைத் தொடாது, தேய்க்காது, உடனே குழியில் வைத்தல் வேண்டும். இயலாதெனில் பாலில் இட்டு மருத்துவரிடம் விரைய வேண்டும். அவரும் மெல்லிய கம்பியால் அண்டைப் பல்லோடுதான் பிணைப்பார். பாற்பல்லை மட்டும் திரும்பப் பொருத்தலாகாது. உள்ளே வளர்ந்துவரும் பல்லுக்கு ஊறு நேரும்.