ராக்கெட் எரிபொருளுக்குப் பதில் வைட்டமின் சி: கிராபீன் தயாரிக்கும் ‘பசுமை முறை’ எவ்வளவு பசுமை?

வள்ளியூரில் பஸ்ஸை விட்டு இறங்கி மேற்கே பார்த்தால் மலைத்தொடர் தெரியும். அந்தப் பக்கம்தான் மகேந்திரகிரி. இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கும் இடம். ராக்கெட்டுக்கான விகாஸ் என்ஜினை அங்கே எரித்துச் சோதிக்கிறார்கள். அந்த என்ஜினுக்கு ஊற்றும் யூஎச்-25 என்ற எரிபொருளில் கால் பங்கு ஹைட்ரசின் ஹைட்ரேட். பாதுகாப்பு உடை இல்லாமல் கிட்டப் போகக்கூடாத நச்சுப் பொருள். ஹைட்ரசின் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

இதே ஹைட்ரசினைத்தான் உலகம் முழுக்க ஆய்வகங்களில் இன்னொரு வேலைக்கும் பயன்படுத்தினார்கள். பேட்டரி, சென்சார், தண்ணீர் ஃபில்டர் என்று பல இடங்களில் பேசப்படும் ‘ஒடுக்கப்பட்ட கிராபீன் ஆக்சைடு’ தயாரிக்கும் வேலை அது. அதற்கு மாற்றாக வந்தவைதான் பசுமை முறைகள்.

அது என்ன ‘ஒடுக்கப்பட்ட’?

பென்சில் முனையில் இருப்பது கிராஃபைட். கார்பன் தாள்களை அடுக்கி வைத்த மாதிரி அதன் அமைப்பு. அதில் ஒரே ஒரு தாளைப் பிரித்தால் கிராபீன். 2004-ல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் இருவரும் சாதாரண ஒட்டும் டேப்பை வைத்தே அதைப் பிரித்தார்கள். 2010-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனா டேப்பை வைத்து கிலோ கணக்கில் எடுக்க முடியாது. அதனால் சுற்றுவழி. முதலில் கிராஃபைட்டோடு ஆக்சிஜனைச் சேர்த்து தாள்களைத் தளர்த்துகிறார்கள். தண்ணீரில் கலக்கும் பழுப்பு நிற கிராபீன் ஆக்சைடு கிடைக்கும். அது மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அடுத்து, சேர்த்த ஆக்சிஜனில் பெரும்பகுதியைத் திரும்ப நீக்குகிறார்கள். பழுப்பு கறுப்பாகும், மின்கடத்தும் திறன் திரும்பும். பள்ளி வேதியியலில் படித்த ‘ஒடுக்கம்’ இதுதான், யாரையும் ஒடுக்குவது அல்ல.

இந்த இரண்டாவது படியில்தான் ஹைட்ரசின் வந்தது. 2007-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை பரவலாகப் பின்பற்றப்பட்டது.

வைட்டமின் சி, டீத்தூள், வெயில்

2010-ல் சீனாவிலும் ஸ்பெயினிலும் தனித்தனிக் குழுக்கள் ஒரே பொருளைக் கையில் எடுத்தன. அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி. எலுமிச்சையிலும் நெல்லிக்காயிலும் இருக்கும் அதே சத்துதான். ஸ்பெயின் குழு, ஹைட்ரசினுக்குக் கிட்டத்தட்ட இணையான பலன் இதில் கிடைத்ததாகக் காட்டியது. வேலை முடிந்ததும் மிஞ்சுவதும் நச்சு குறைந்த பொருள்களே. அடுத்த ஆண்டு டீ கரைசலே போதும் என்று ஒரு ஆய்வு வந்தது. டீயில் துவர்ப்பு தரும் பாலிஃபீனால்கள் ஆக்சிஜனை வெளியேற்றுகின்றன.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 2011-ல் சென்னை ஐஐடி-யில் பேராசிரியர் ராமபிரபுவின் குழு ரசாயனமே சேர்க்காமல், குவிலென்ஸ் வழியாக வெயிலைக் கிராஃபைட் ஆக்சைடு பொடி மேல் விழ வைத்தது. சின்ன வயசில் லென்ஸை வைத்துப் பேப்பரைக் கருக்கிய அதே வித்தை! வெப்பம் நொடிகளில் எகிற, ஆக்சிஜன் வாயுவாகப் பிய்த்துக்கொண்டு வெளியேறி, தாள்கள் பிரிந்தன.

2012-ல் அதே ஐஐடி-யில் பேராசிரியர் பிரதீப்பின் குழு வேறு வழியில் போனது. கிராஃபைட்டே வேண்டாம் என்று கரும்புச் சர்க்கரையை எடுத்தது. சர்க்கரைக் கரைசலை ஆற்றுமணலில் பூசி, நைட்ரஜன் நிரம்பிய உலையில் 750 டிகிரி வரை சூடாக்கியபோது, மணல் மேல் கிராபீன் போன்ற கார்பன் படலம் ஒட்டிக்கொண்டது. தண்ணீரில் இருந்த சாயத்தையும் குளோர்பைரிஃபாஸ் பூச்சிக்கொல்லியையும் அது உறிஞ்சியது. கண்டிப்பாகச் சொன்னால் இது ஒடுக்கப்பட்ட கிராபீன் ஆக்சைடு அல்ல, அதன் பங்காளி. ஆனால் வயல் மருந்து வாய்க்காலில் கலக்கும் ஊர்களுக்கு ரொம்பவே தேவையான பங்காளி.

அப்போ பிரச்சினை எங்கே?

முதல் படியில். ‘பசுமை முறை’ என்று தலைப்பு வைக்கும் பல ஆய்வுகள் இரண்டாவது படியைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. வேப்பிலை, செம்பருத்தி, நெல்லி என்று இலைதழைச் சாறு ஊற்றுவதற்கு முன், அந்தக் கிராபீன் ஆக்சைடு எப்படி வந்தது? பெரும்பாலும் 1958-ல் ஹம்மர்ஸ், ஆஃப்மேன் எழுதிவைத்த முறையில், அல்லது அதன் திருத்திய வடிவத்தில். அடர் கந்தக அமிலம், சோடியம் நைட்ரேட், பொட்டாசியம் பெர்மாங்கனேட் மூன்றும் அதில் உண்டு. வேலை நடக்கும்போது நைட்ரஜன் டை ஆக்சைடு நச்சு வாயு கிளம்பும்.

2010-ல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகக் குழு சோடியம் நைட்ரேட்டை விட்டுவிட்டு பாஸ்பாரிக் அமிலம் சேர்த்தது. நச்சு வாயு போச்சு. கந்தக அமிலம் போகல.

அதைவிடப் பெரிய செலவு தண்ணீர். அமிலமும் மாங்கனீஸும் போகும் வரை பொருளைத் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். கழுவக் கழுவ அது கூழாகி வடிகட்டியை அடைத்துக்கொள்ளும், மறுபடி தண்ணீர். வெளியே வருவது அமிலக் கழிவுநீர். ராதாபுரம், சாத்தான்குளம் பக்கம் வறட்சி என்பதற்காகவே தாமிரபரணி – கருமேனியாறு – நம்பியாறு இணைப்புத் திட்டம் வந்தது. அப்படிப்பட்ட மண்ணில் ‘எலுமிச்சைச் சாற்றில் கிராபீன்’ என்று யாராவது ஆலை தொடங்க வந்தால், கேட்க வேண்டிய முதல் கேள்வி எலுமிச்சையைப் பற்றியது அல்ல. ஒரு கிலோவுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், அந்தக் கழிவு எங்கே போகும் என்பதே.

இலைச்சாறுக்கும் தனிக் குறை இருக்கிறது. மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் சாறு மாறும். அதிலுள்ள பொருள்கள் கிராபீன் மேலேயே ஒட்டிக்கொள்ளலாம். தண்ணீர் ஃபில்டருக்கு அது பெரிய தடை இல்லாமல் போகலாம். பேட்டரிக்கு அப்படிச் சொல்ல முடியாது.

முதல் படிக்கு மாற்று இருக்கா?

இருக்கு. பெர்மாங்கனேட்டுக்குப் பதில் மின்சாரம். 2018-ல் சீன ஆய்வாளர்கள் கிராஃபைட்டை அமிலக் கரைசலில் வைத்து மின்சாரம் செலுத்தி, நொடிக்கணக்கில் ஆக்சைடாக மாற்றிக் காட்டினார்கள். கந்தக அமிலம் இதிலும் உண்டு, ஆனால் அதைத் திரும்பப் பயன்படுத்தலாம். பெர்மாங்கனேட் இல்லாததால் மாங்கனீஸ் கழிவும் இல்லை. கிராஃபைட்டுக்கு வெகுதூரம் போக வேண்டாம், சிவகங்கையில் டாமின் நிறுவனத்தின் சுரங்கம் இருக்கிறது. மின்சாரத்துக்கு வள்ளியூரைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளே சாட்சி.

வீட்டில் செய்து பார்க்கலாமா?

முதல் படியைக் கண்டிப்பாகக் கூடாது. அடர் கந்தக அமிலமும் பெர்மாங்கனேட்டும் சேரும்போது உருவாகும் மாங்கனீஸ் ஹெப்டாக்சைடு சுமார் 55 டிகிரிக்கு மேல் வெடிக்கும். அறிவியல் கண்காட்சிக்குச் செய்ய விரும்பும் மாணவர்கள், தயாராக விற்கும் கிராபீன் ஆக்சைடு கரைசலை வாங்கி, ஆசிரியர் முன்னிலையில் கையுறை, கண்ணாடி அணிந்து வைட்டமின் சி சேர்த்து சூடாக்கிப் பார்க்கலாம். பழுப்பு கறுப்பாவது கண்ணுக்கே தெரியும். மிச்சக் கரைசலை வாஷ்பேசினில் ஊற்றாமல் ஆய்வகக் கழிவுக் கேனில் சேர்க்க வேண்டும்.